மாப்பிள்ளைக் கிணறு

புதன்கிழமை, மாலை

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உன் அப்பாவும் நானும் உடம்பளவில் நலம். மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் பேசிவிடுவாய், இது யாரும் குறுக்கே பேசாமல் இருந்தால்தான் என் வாயிலிருந்து வரும்.

நேற்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். காலையில் அலுவலகக் கூட்டத்தில் பதினொரு பேர் முன்னால் சொல்லாதது: ஏழாம் கிணற்றில் இருப்பது நிலத்தடி நீரே இல்லை, நம் குழாய் ஒழுகிச் சேர்ந்த தண்ணீர், அதை நம்பி யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். சாயங்காலம் உன் சித்தி வீட்டில், அவள் எனக்கு ஒரு கேன் நிறையத் தண்ணீர் பிடித்து மூடியை இறுக்கிக் கையில் தந்தபோது சொல்லாதது: இது உன் தண்ணீர் இல்லைடி. இரண்டும் ஒரே விஷயம்தான். இரண்டு இடத்திலும் வாயைத் திறந்தேன். ஓரிடத்தில் “சரி சார்” என்று வந்தது, இன்னோரிடத்தில் “போதும், கனக்குது” என்று வந்தது.

என் வேலை உனக்குத் தெரியும், மாதத்தின் முதல் வாரம் நகரத்தைச் சுற்றிப் பதினான்கு கிணறுகளில் அளவு நாடாவை இறக்குவது, நுனியில் இருக்கும் குண்டு தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்று சத்தம் போடும், எத்தனை மீட்டர் ஆழம் என்று பதிவேட்டில் எழுதுவது. பள்ளிக்கூட லீவில் ஒருதடவை என்னோடு வந்து, இதுக்கா சம்பளம் குடுக்கறாங்க என்று கேட்டாயே, அதே வேலை. பதிமூன்று கிணறுகளில் தண்ணீர் வருஷா வருஷம் கீழே போய்க்கொண்டிருக்கிறது, கிழக்குப் பக்கத்தில் இருபத்தாறு, இருபத்தெட்டு மீட்டர் வரைக்கும் போய்விட்டது. ஏழாம் கிணறு மட்டும் அதே கிழக்குப் பக்கத்தில், விளையாட்டு மைதானத்து மூலையில், கோடையோ மழையோ நான்கு மீட்டரில் அசையாமல் நிற்கும். அலுவலகத்தில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். வேலை வெட்டி இல்லாமல் வயிறு நிறைய உட்கார்ந்திருப்பதால் யாரோ கேலியாக வைத்த பெயர். யார் வீட்டுச் சோற்றில் அந்த வயிறு நிறைகிறது என்று மட்டும் எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கேட்காததற்கு எங்கள் வேலையின் பழக்கமே காரணம், அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. மோசமான எண் வந்தால் மூன்று தடவை அளப்போம், நாடா முறுக்கிக்கொண்டதா, குண்டு பக்கச் சுவரில் இடித்ததா என்று ஆயிரம் பார்ப்போம். நல்ல எண் வந்தால் ஒரே தடவை, எழுதிக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவோம். நல்ல செய்தியைச் சந்தேகப்பட எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிழக்குப் பகுதி முழுவதற்கும் எந்தக் கிணற்றை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டார்கள். ஏழாம் கிணறுதான் ஏற்றத்தாழ்வு இல்லாமல் சீராக இருக்கிறது என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தது யார் தெரியுமா? உன் அம்மாதான். நன்றாக எழுதியிருக்கிறாய் என்று பாராட்டுகூட வாங்கினேன், வீட்டுக்கு வந்து உன்னிடம் பீற்றிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? அன்றிலிருந்து கிழக்கில் எந்தக் கட்டடத்துக்கு ஆழ்துளைக் கிணறு போட அனுமதி என்றாலும் அந்த அரைப் பக்கத்தைத்தான் புரட்டுகிறார்கள். இப்போது அறுநூறு வீட்டு அடுக்குமாடி ஒன்று வரப்போகிறது. எட்டு ஆழ்துளைக் கிணறு. நேற்றுக் கூட்டம் அதற்குத்தான், வருகிற திங்கட்கிழமை ஆணையில் கையெழுத்து.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால் நாடாவால் இல்லை, சித்தியின் கெட்டிலால். போன மாதம் அவள் வீட்டுச் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். நம் ஊர்ப் போர்த் தண்ணீரில் கெட்டில் ஆறு மாதத்தில் உள்ளே சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும், உனக்குத் தெரியும். அவளுடையது நான்கு வருஷத்துக் கெட்டில், உள்ளே கண்ணாடி மாதிரி மின்னுகிறது. இதை எதைப் போட்டுத் தேய்க்கிறாய் என்று கேட்டேன். “நான் எங்க தேய்க்கறேன், எங்க தண்ணி அப்பிடிக்கா, உங்க ஆபீஸ் தண்ணி மாதிரி சொட்டுச் சொட்டாவா வருது” என்று சிரித்தாள். அவள் தெரு மைதானத்தை ஒட்டியது, புதிதாக வந்த தெரு, அங்கே ஒரு வீட்டுக்கும் நகரக் குழாய் இணைப்பு கிடையாது, எல்லாம் போர்தான். ஆனால் தெருவுக்கு அடியில், யாருக்கும் ஒரு சொட்டுத் தராமல், நகரத்தின் பெரிய குழாய் ஒன்று போகிறது. டீயை விட்டுவிட்டுக் குழாயைத் திறந்தேன். ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் எங்கள் ஆய்வகத்து அக்காவிடம் கொடுத்தேன், மைதானத்துக் கிணற்றிலிருந்தும் ஒரு பாட்டில், எங்கிருந்து என்று சொல்லவில்லை. அவள் பார்த்துவிட்டு, “என்ன, நம்ம மேல்நிலைத் தொட்டித் தண்ணியையே ரெண்டு பாட்டில்ல கொண்டாந்து விளையாடறியா” என்றாள். சுற்றுவட்டாரக் கிணற்றில் இருப்பதில் கால்வாசி உப்புகூட இல்லை, போதாக்குறைக்குக் குழாய்த் தண்ணீரில் போடும் மருந்து வாசனை வேறு. அந்த முடிவுத் தாள் நேற்றுக் கூட்டம் நடந்த ஒன்றரை மணி நேரமும் என் கைப்பையில் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். நீ படிக்க வெளியூர் கிளம்பிய நாளன்று பெட்டியை மூடிக்கொண்டே, எல்லாத்தையும் படிச்சு வச்சுக்கிட்டு எதையும் சொல்லாம இருக்கிறதுக்கு நீ ஏம்மா படிக்கிற என்று கேட்டாயே, அது எனக்கு இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கூட்டத்தில் எங்கள் தலைவர் இருந்தார், எதைக் கேட்டாலும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்பதால் நாங்கள் அடுத்தவாரம் என்றே கூப்பிடுகிறோமே, அவர். நான் லேசாகத் தொண்டையைச் செருமி, ஏழாம் கிணற்றை இன்னொருதடவை பார்க்கலாமா சார் என்று மட்டும் கேட்டேன். “ஏம்மா, நல்லா இருக்கற கிணத்தப் போய் ஏன் நோண்டறே, மாப்பிள்ளைக்குக் கோவம் வந்துடப்போவுது” என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் கண்ணு. அதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. பயம் என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. அந்த அரைப் பக்கம் என்னுடையது, அது ஒன்று. இன்னொன்று, ஒழுகலை அடைத்தால் சித்தியின் தெரு வறண்டுபோகும். உன் சித்தப்பா வேலைக்காக மாதத்தில் இருபது நாள் வெளியூரில். அவள் இரண்டு சின்னதுகளை வைத்துக்கொண்டு, மாடி ஏறி இறங்கி யாரிடம் போய்த் தண்ணீர் கேட்பாள்?

கேனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் உன் மேசையை ஒழுங்குபடுத்தினேன், மனசு சரியில்லை என்றால் நான் செய்வது அதுதான். உன் பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டு கிடைத்தது. பின்னட்டையில் வரிசையாக நீ எழுதி வைத்திருக்கிறாய்: வாளி 22 நிமிஷம், வாளி 24 நிமிஷம், இன்று 19, சாதனை! காலை ஐந்தரைக்குக் குழாயடியில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்ததைத்தான் நான் இத்தனை வருஷமாகப் பொறுப்பான பிள்ளை என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இன்று காலை அலுவலகத்தில் குழாய் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். மைதானத்துத் தெருவுக்கு அடியில் போகிற அந்தப் பெரிய குழாய்க்குக் கடைசி முனை எது தெரியுமா? நம் தெரு. நீ வாளி வைத்துக் காத்திருந்த தண்ணீர் வழியிலேயே மண்ணுக்குள் இறங்கி, சித்தி வீட்டு மோட்டாரில் ஏறி, அவள் மொட்டை மாடியைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவள் நான். நகரக் குழாய்க்கென்று ஒரு பிரிவு, நிலத்தடிக்கென்று எங்கள் பிரிவு, இரண்டும் ஒரே மாடியில், நடுவில் ஒரு குடிநீர் கேன் இருக்கிறது, இருபது அடி வைத்தால் போய்விடலாம். குழாய்க்காரர்கள் மூன்று வருஷமாக, கிழக்குக் குழாய் லைனில் பாதித் தண்ணீரைக் காணோமே என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் ஆறு வருஷமாக, கிழக்கில் ஒரு கிணற்றில் மட்டும் தண்ணீர் குறையவில்லையே என்று மகிழ்ந்துகொண்டிருக்கிறோம். ஒரே கேனில் தண்ணீர் குடிக்கிறோம், கிரிக்கெட் பேசுகிறோம், கோப்பு மட்டும் கீழ்த்தளத்துக்குப் போய்ச் சுற்றி வரப் பதினொரு நாள் ஆகிறது.

நூலகத்திலிருந்து எடுத்து வந்து பேருந்தில் படிக்கிறேனே, பழைய நகரங்களின் வரலாறுகள், அவற்றில் அடிக்கடி ஒரு வரி வரும், தண்ணீர் போதாமல் மக்கள் அந்த நகரத்தைவிட்டு வெளியேறினார்கள் என்று. அத்தனை பெரிய நகரத்துக்கு ஒரே வரி. படிக்கும்போதெல்லாம் வறட்சியைத்தான் நினைத்துக்கொள்வேன். இன்றைக்குத்தான் தோன்றுகிறது, அங்கேயும் கிணற்றை அளக்கிற ஒருத்தி இருந்திருப்பாள், ஒரு கூட்டத்தில் சரி சார் என்று சொல்லியிருப்பாள்.

உன் அப்பா வந்துவிட்டார், செருப்பைக் கழற்றும்போதே தண்ணி வந்துச்சா என்கிறார். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

திங்கட்கிழமை, மாலை

கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நல்லதாகப் போயிற்று. வியாழக்கிழமை காலை முதல் வேலையாக அடுத்தவாரத்தின் அறைக்குப் போனேன். உட்காரச் சொல்வதற்குள் சொல்லிவிட வேண்டும், உட்கார்ந்தால் எனக்கு மரியாதை வந்துவிடும் என்று நின்றபடியே சொன்னேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதியது தப்பு சார், அது குழாய்த் தண்ணீர், இதோ ஆய்வகத் தாள். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “நீயே எழுதினதை நீயே தப்புங்கறே, நாளைக்கு இதையும் தப்பும்பே” என்றார். அறுநூறு குடும்பம் வந்த பிறகு வறண்டால் என்ன செய்வோம் என்று கேட்டேன். “அடுத்த வாரம் பாத்துக்கலாம், மொதல்ல திங்கக்கிழம கையெழுத்து ஆகட்டும்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. கத்தவில்லை, உனக்குத் தெரியும் எனக்குக் கத்த வராது. என் மேசைக்கு வந்து பதிவேட்டைத் திறந்து, ஏழாம் கிணற்றுக்கு நேராக, குழாய் ஒழுகல் நீர், மாதிரியாகக் கொள்ளத் தகாது என்று மையில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். பிறகு அந்த இருபது அடியை நடந்தேன்.

குழாய்ப் பிரிவில் ஒரு வால்வுக்காரர் இருக்கிறார், இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்து ஒழுகலைக் கண்டுபிடிப்பார், அதனால் அவரை டாக்டர் என்பார்கள். மைதானத்து மூலையில் வைத்துக் கேளுங்கள் என்றேன். மூன்று வருஷமாகச் சாலை ஓரமாகவே கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள், குழாய் வளைந்து போகிற மைதான மூலைக்குள் போகவில்லை, அங்கே கிணறு நன்றாக இருப்பதால் தரையில் கோளாறு இருக்காது என்று எங்கள் அறிக்கை சொல்கிறதாம்! அதுவும் என் அரைப் பக்கம்தான். மத்தியானம் திரும்பி வந்தவர், “ஒழுகலா அது, உள்ள ஓடையே ஓடுதும்மா, இத்தன நாளா எங்க போயிருந்தே நீ” என்று என்னையே திட்டினார். திட்டு வாங்குவது இவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒழுகல் கண்ட இடத்தில் மறுநாளே லைனை மூடித் தோண்டும் அதிகாரம் அவர்கள் பிரிவுக்கு உண்டு, அதற்கு அடுத்தவாரம் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

அன்று சாயங்காலமே சித்தியிடம் போனேன், இந்தத் தடவை சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. “எத்தன வீடு இருக்கு இந்த ஊர்ல, உன் வேலைக்கு என் வீட்டுத் தண்ணிதானா கெடச்சுது” என்றாள். அந்தத் தெருவுக்கு நகரக் குழாய் இணைப்பு கேட்டு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னேன். “எழுது, எழுது, எழுத்தக் குடத்துல புடிச்சு சின்னவனக் குளிப்பாட்டறேன்” என்றாள். நான் கைப்பையை எடுத்துக்கொண்டேன். எழுந்து வரும்போது பின்னாலிருந்து இன்னொன்று சொன்னாள்: “உன் வீட்டுக் கொழாயில தண்ணி வரணும், அதுக்கு என் வீட்டக் காய விடறே, அதச் சொல்லிட்டுப் போ.” இதைத்தான் நான் பயந்தேன். ஊரில் யாராவது சொல்வார்கள் என்று நினைத்தேன், இவள் சொல்வாள் என்று நினைக்கவில்லை. இல்லை என்று சொல்ல நினைத்தேன், சொல்ல முடியவில்லை, ஏனென்றால் படியிறங்கும்போது எனக்கு உன் நோட்டின் பின்னட்டை ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு லைனை மூடினார்கள். மூடும்போது மாப்பிள்ளை வழக்கம்போல நான்கு மீட்டர் இருபது. சனிக்கிழமை காலையில் ஏழு மீட்டருக்கு இறங்கியிருந்தார். ஞாயிறு காலை பத்து மீட்டர் எண்பது. நல்ல எண்ணை ஒருதடவை அளந்த பாவத்துக்கு இப்போது ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்தேன், வண்டி ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், “அக்கா, கிணறு ஓடிடாது, சாப்பிட்டு வரலாம்” என்றார். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது தம்பி என்றேன். சித்தி தெருவில் மோட்டாரெல்லாம் பத்து மீட்டரில்தான் தொங்குகின்றன, அதற்குமேல் இறக்க அவர்களுக்கு அவசியமே வந்ததில்லை. ஞாயிறு பத்தரை மணிக்கு அவள் வீட்டுக் குழாயில் காற்று வந்திருக்கிறது. எனக்கு அவள் போன் செய்யவில்லை, உன் அப்பாவுக்குச் செய்தாள். லைனை மூடியதிலிருந்து நம் தெருவுக்கும் லாரித் தண்ணீர்தான், அதில் இரண்டு கேனை நிரப்பி வண்டியில் கட்டிக்கொண்டு அவர் கிளம்பினார்.

இன்று காலை பதின்மூன்று மீட்டர் நாற்பது. மூன்று நாள் அளவையும் ஒரே தாளில் எழுதி, குழாய்க்காரர்கள் தோண்டிய பள்ளத்தின் படத்தையும் சேர்த்து, அடுத்தவாரத்தின் மேசையில் கையெழுத்துக்காக விரித்து வைத்திருந்த ஆணையின் மேலேயே வைத்தேன். இந்தத் தடவை உட்கார்ந்தேன். அவர் ரொம்ப நேரம் படித்தார். பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்து கோப்பின் ஓரத்தில் அடுத்த வாரம் என்று எழுதி ஓரமாகத் தள்ளினார். என் வாழ்க்கையில் அந்த இரண்டு வார்த்தையை நான் சந்தோஷமாகப் படித்தது இதுதான் முதல் தடவை. வெற்றி என்று நினைத்துவிடாதே கண்ணு, அடுத்த வாரம் என்பது வேண்டாம் என்பது ஆகாது. அடுத்த வாரத்துக்குள் வேறு யாராவது வேறு ஒரு கிணற்றை நல்ல கிணறு என்று எழுதிக் கொடுக்கலாம். நான் எழுதிக் கொடுத்தேனே. சித்தியின் தெருவுக்கு இணைப்புக் கேட்ட குறிப்பு கீழ்த்தளத்துக்குப் போயிருக்கிறது, பதினொரு நாள் சுற்றிக்கொண்டு வரும், அதுவரை அந்தத் தெருவில் முப்பத்தொரு வீட்டுக்குத் தண்ணீர் லாரிதான். அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்று எழுதியவர்கள் யாரும் தங்கை வீட்டுத் தண்ணீரை நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

நீ நன்றாக இரு. படிப்பும் உடம்பும் உனக்குத் துணையாக இருக்கட்டும், போகிற இடத்தில் உன் வாய் திறக்கவேண்டிய நேரத்தில் திறக்கட்டும், என்னைப்போல் ஆறு வருஷம் எடுத்துக்கொள்ளாதே. சித்திக்கு நீயே ஒரு போன் செய், எனக்காகப் பேச வேண்டாம், சின்னவனின் பல் விழுந்ததை மட்டும் விசாரி. அப்புறம் ஒன்று, நாள் முழுக்கத் தண்ணீர் வருகிற அறையிலும் ராத்திரி படுக்கும்முன் ஒரு வாளி நிரப்பி வைக்கிறாயாம், கூட இருக்கிற பெண் பார்த்துச் சிரிக்கிறாளாம், அப்பா சொன்னார். அதைக் கவிழ்த்து வை.

என்றும் உன் நலத்தையே நினைத்திருக்கும்
அம்மா

பின்குறிப்பு, வியாழக்கிழமை: நேற்றுக் குழாயைச் சேர்த்து லைனைத் திறந்துவிட்டார்கள். இன்று காலை ஐந்தரைக்கு நம் வீட்டில் வாளி நான்கு நிமிஷத்தில் நிறைந்தது. ஆறரைக்குச் சித்தி இரண்டு குடத்தோடு வந்தாள். என்னிடம் பேசவில்லை. இரண்டையும் நிரப்பிக்கொண்டு போனாள்.